ரிப்பன் கட்டியவன் எழுதுவது

சம்பந்தியம்மா,

இன்று காலை என் வெள்ளைச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி என் வீட்டுக்காரி கூடத்துக்கு வந்து நின்றாள். பை முழுவதும் அரக்குக் கறை.

"இன்னாங்க இது? யாரையாவது குத்திட்டு வந்தீங்களா?"

"என் மூஞ்சப் பார்த்தா குத்துற மூஞ்சி மாதிரியா இருக்குது? குத்து வாங்குற மூஞ்சிம்மா இது."

பைக்குள் கைவிட்டு எடுத்தேன். சுண்டுவிரல் நுனியளவுக்குத் தேய்ந்த ஒரு பாஸ்டல் வண்ணக் குச்சி. உங்களுடையது. மூன்று வருடமாக அதை ஒரு துண்டுத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நான் சட்டை மாற்றும்போதெல்லாம் அதுவும் சட்டை மாற்றிக்கொள்ளும். நேற்று கடையில் புதுக் குச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்க வெளியே எடுத்தவன், சுற்றிய தாளை அங்கேயே விட்டுவிட்டேன். மிச்சத்தைக் காஞ்சிபுரத்து வெயிலும் என் வேர்வையும் பார்த்துக்கொண்டன. மூக்கருகே கொண்டுபோனேன். முதல் மழை தொட்ட சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒரு மணம். உடனே நீங்கள் எதிரே நின்று, "மோந்து பார்க்குறதுக்கு அது இன்னா ஜவ்வாதா சம்பந்தி?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

அதனால்தான் இந்த மடல். போன ஐப்பசியில் இரண்டே நாள் காய்ச்சலில் நீங்கள் கிளம்பிப் போனீர்கள். உங்களிடம் கேட்காமல் இன்று ஒரு பெரிய காரியம் செய்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். நம் ஊர் அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வர நாற்பது வருடம் எடுத்துக்கொள்கிறார். என் உண்மை மூன்றே வருடத்தில் வந்துவிட்டது. அவசரக்காரன் என்று அவர் மன்னிக்கட்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஒரு தரம் சொல்கிறேன். நான் சொன்னால் எதுவும் இரண்டு சுற்றுப் பருத்துத்தான் வரும். அதில் உங்களுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு.

உங்கள் மகள், என் மருமகள் நிர்மலா, படித்தது ஓவியம். பார்த்த வேலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் எண் தட்டுவது. விடியுமுன் கம்பெனி பஸ், இருட்டிய பிறகு வீடு. பேரன் பிறந்ததும் அதை விட்டாள். செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் பிள்ளைகளுக்கு பாஸ்டல், பெயிண்டிங் வகுப்பு நடத்துகிறேன் என்றாள். என் மகன், அதாவது உங்கள் மாப்பிள்ளை, நல்லவன்தான். ஆனால் எதற்கும் ஒரு கெடு வைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"ஒரு ஞாயித்துக்கிழமை இலவசமா நடத்திப் பாரு. பெத்தவங்களும் வந்து பார்க்கட்டும். நாலு பசங்க சேர்ந்தா நடத்து. இல்லன்னா அடுத்த மாசம் மறுபடியும் கம்பெனி பஸ்தான்."

அவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டுச் சாப்பிடாமல் தட்டில் கையை அளைந்துகொண்டிருந்தாள். அன்று வந்திருந்த நீங்களும் அதைப் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். பார்த்த இரண்டு பேரில் ஒருவர்தான் உருப்படியாக எதையோ செய்தார், அது நானில்லை.

கைக்குழந்தையை விட்டு நகர முடியாததால், வாங்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தாள். கூடவே உங்களையும் அனுப்பினாள். என்னை எங்கேயும் தனியாக அனுப்பக் கூடாது என்பது அவளுக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது.

நான் யார்? முப்பத்தைந்து வருடம் பட்டுக் கடையில் சேலை எடுத்துப் போட்டவன். ஒரு முறை தடவினால் போதும், அந்தப் பட்டுப்புழு மல்பெரிச் செடியில் எத்தனையாவது இலையைத் தின்றது, தின்றபோது அதற்குப் பசி இருந்ததா, வீட்டில் சண்டையா என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன். நீங்கள் யார்? பிள்ளையார்பாளையத்தில் எட்டடிக்கு ஆறடி இடத்தில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குக் குச்சம் கட்டிக் கொடுத்தவர். நான் வாய்ச் சவடாலில் விற்ற சேலைகள் எல்லாம் உங்கள் ஊசியில்தான் முழுமை அடைந்தன. ஆனால் நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன். அந்தக் கிரீடம் தலையில் இருக்கும்போது மூளைக்கு இடம் போதவில்லை.

நெல்லுக்காரத் தெருப் பக்கம் அந்த ஸ்டேஷனரி கடை. கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் நாற்பத்தெட்டு பாஸ்டல் குச்சிகள் வரிசையாகப் படுத்திருந்தன. "பர்ப்பிள், மெஜந்தா, மரூன்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இருப்பா," என்று கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "இது கத்தரிப்பூ. அது வாடாமல்லி. இது அரக்கு. நம்ம ஊருல கடை வச்சிக்கினு மரூன்றியே."

பிறகு அந்த அரக்குக் குச்சியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று தெருவில் இறங்கினீர்கள். கடைக்காரர் பதறினார். "சார், அந்தம்மா எடுத்துக்கினு போறாங்க!"

"என் சம்பந்திப்பா. அவங்க ஓட மாட்டாங்க. அவங்களைப் பார்த்து நான்தான் ஓடணும்."

நீங்கள் நடுத்தெருவில் நின்று, இடது மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது. நீங்கள் கையைத்தான் பார்த்தீர்கள், பஸ்ஸை இல்லை. பஸ் காத்திருந்தது. காஞ்சிபுரத்தில் கருட சேவைக்குப் பிறகு போக்குவரத்து நின்றது உங்கள் மணிக்கட்டுக்குத்தான்.

"டியூப் லைட்டு பொய் சொல்லும் சம்பந்தி. வெயிலு சொல்லாது."

சேலைக்கு நூல் கண்டு பொருத்தம் பார்க்க நாள் முழுக்கக் கடைப்படி ஏறி இறங்கிய கால் உங்களுடையது. பட்டியலில் இருந்த இருபத்துநாலு நிறத்துக்கு இருபத்துநாலு தடவை தெருவுக்குப் போய் வந்தீர்கள். "இந்த நடைக்கு ஏகாம்பரநாதரைச் சுத்தியிருந்தா மோட்சமே கிடைச்சிருக்கும்" என்று முணுமுணுத்தேன். காதில் விழுந்தும் விழாத மாதிரி கடைக்காரரிடம் திரும்பினீர்கள்.

"பசங்களுக்கு எந்தக் கலரு முதல்ல தீரும்?"

"வெள்ளைதான்மா. எல்லாக் கலரோடயும் சேர்த்துத் தேய்க்கிறதுக்கு அதான்."

"அப்ப பெட்டி வேணாம், நான் பார்த்ததை உதிரியா குடு. வெள்ளை தனியா ஒரு டஜன் குடு. வானத்து நீலம் அஞ்சு."

எனக்குத் தோன்றாத கேள்வி அது. நான் பெட்டி மூடியிலிருந்த தங்கக் கோட்டை ரசித்துக்கொண்டிருந்தேன்.

பிரஷ் வாங்கும்போதும் அப்படித்தான். நான் பிடி பளபளத்ததை எடுத்தேன். நீங்கள் முனையைப் பார்த்தீர்கள். ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி ஒவ்வொரு பிரஷ்ஷையும் உதட்டில் வைத்து நனைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தீர்கள். "கூரா வந்தா நல்லது. இது ரெண்டா பிரியுது பாரு, ஆவாது." மூன்றாவது பிரஷ்ஷில் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, மத்தவங்களும் வாங்கணும்மா."

"ஒரு டம்ளர் தண்ணி வச்சிருந்தா நான் ஏன்பா வாயில வைக்கிறேன்?"

அடுத்த நிமிடம் ஒரு டம்ளரில் தண்ணீர் வந்தது. நேற்று பார்த்தேன், சம்பந்தியம்மா. அந்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் அதே மேசையில் இருக்கிறது. ஒரு கல்லூரிப் பெண் அதில் பிரஷ்ஷை நனைத்து, நுனியை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வைத்த வழக்கம் என்று அவளுக்குத் தெரியாது.

கடைசியாகத் தாள். என் வீழ்ச்சி.

நிர்மலாவின் பட்டியலில் "தாள், சொரசொரப்பானது, முப்பது" என்று இருந்தது. பாவம் பெண், மாமனாருக்குச் செலவு வைக்கக் கூடாது என்று மட்டமானதை எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். என் தொழிலில் சொரசொரப்பு மட்டம், வழவழப்பு உசத்தி. அதற்கு மேல் உலகத்தில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? கடையிலிருந்த தாளையெல்லாம் தடவினேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் முகம் தெரிகிற மாதிரி பளபளத்த ஒன்றைப் பிடித்தேன். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும், அப்படிப்பட்ட தாள்.

"அவ சொரசொரன்னு எழுதியிருக்காளே சம்பந்தி."

"உங்க பொண்ணு அடக்கமா எழுதுவா. நாம அடக்கமா வாங்கலாமா? மாப்பிள்ளை வீடுன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"வழுக்குற துணியில ஃபால்ஸே நிக்காது. எதுக்கும் ஒரு பிடிப்பு வேணும்."

"சம்பந்தியம்மா, இது முப்பத்தஞ்சு வருஷத்து விரலு."

நீங்கள் என் விரலைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள். அந்தச் சரியை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டு, தங்க நிற ரிப்பன் எங்கே கிடைக்கும் என்று கடைக்காரரோடு ஆலோசனையில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கல்யாணச் சேலைப் பெட்டி மாதிரி அடுக்கி ரிப்பன் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும்தான் பிரிக்க வேண்டும் என்று மருமகளுக்கு அரச கட்டளை. "லிஸ்ட்டுல இருக்கிறதெல்லாம் வாங்கிட்டீங்களா மாமா?" என்று அவள் கேட்டாள். "லிஸ்ட்டுக்கு மேலயே வாங்கியிருக்கேம்மா" என்றேன்.

ஞாயிறு வந்தது. பாய் விரித்து ஒன்பது பிள்ளைகள். சுவரோரம் பெற்றோர், முகூர்த்தச் சேலை எடுக்க வந்தவர்களைப் போல எதற்கும் அசையாத முகத்தோடு. நிர்மலா ரிப்பனை அவிழ்த்தாள். தாளில் பட்ட அவள் விரல் அப்படியே நின்றது. வேறு தாள் இல்லை. கொடுத்தாள்.

பிள்ளைகள் தேய்த்தார்கள். நிறம் தாளில் நிற்கவில்லை. வழுக்கியது, பொடிந்தது, உதிர்ந்தது. மடியில் நிறம், மொசைக் தரையில் நிறம், மூக்கில் நிறம். தாளில் மட்டும் இல்லை. தாமல் ஏரி உடைத்துக்கொண்டு மாடிக்கு வந்திருந்தால்கூட நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். ஒரு குழந்தை தும்மியது. அது வரைந்த வானம் முழுவதும் கிளம்பிப் போய்ப் பக்கத்துப் பிள்ளை வரைந்த மாட்டின் மேல் இறங்கியது.

"இன்னாங்க இது, கலரே ஒட்ட மாட்டேங்குது?" என்றார் ஒரு அம்மா. இன்னொருவர், "ஸ்கூல்லயே டிராயிங் இருக்குதுபா, அதுவே போதும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நிர்மலா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன். அவள் அடுத்த மாதத்துக் கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. நான் அண்ணாந்து மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அப்போது படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது.

கக்கத்தில் ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றிய கட்டு. வாசலிலேயே நின்று தரையைப் பார்த்தீர்கள், தாளைப் பார்த்தீர்கள், மகளைப் பார்த்தீர்கள், கடைசியாக என்னைப் பார்த்தீர்கள். ஆறு கஜத்தில் அறுந்த ஓர் இழையைத் தேடிப் பிடிக்கிற கண் அது.

"முடிஞ்சுதா வழவழ பேப்பரு?" என்று பிள்ளைகளிடம் கேட்டீர்கள். "நல்லா வழுக்குச்சா? அதான் முதல் பாடம். இப்ப இதுல தேயுங்க."

கட்டைப் பிரித்தீர்கள். சொரசொரப்பான தாள், முப்பது. பெற்றோர் பக்கம் திரும்பினீர்கள்.

"எங்க சம்பந்திதான் ரெண்டு வகையும் வாங்கியாந்தாரு. எதுல ஒட்டாதுன்னு பார்த்தாதான் எதுல ஒட்டும்னு பசங்களுக்குப் புரியும்னாரு. பட்டுக் கடையில முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவரு. தொட்டுப் பார்த்தே சொல்லிடுவாரு."

அரக்குக் குச்சியை எடுத்து ஒரு கோடு இழுத்தீர்கள், சேலைக்குக் கரை போட்ட மாதிரி. நிறம் அப்படியே தாளைப் பற்றிக்கொண்டு நின்றது. எழுந்த அம்மா கைப்பையோடு மறுபடி உட்கார்ந்தார். நிர்மலாவுக்குத் தொலைந்துபோன குரல் திரும்பி வந்தது. "பார்த்தீங்களா? தாளுக்கும் பிடிப்பு வேணும்" என்று ஆரம்பித்தவள் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நிற்கவில்லை. அன்று ஏழு பேர் சேர்ந்தார்கள். என் மகனே எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

எல்லோரும் போனபின் படியில் உங்களை மறித்தேன்.

"எப்ப வாங்குனீங்க இதை?"

"நீங்க ரிப்பனுக்கு அலைஞ்சிக்கினு இருந்தீங்களே, அப்ப."

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. விரலைக் காட்டினீங்க."

"சரி, இங்க எல்லாரு முன்னாடியும் என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். நியாயமா குடுத்திருக்கணும்."

கையிலிருந்த பொடியைத் தட்டிக்கொண்டே சொன்னீர்கள். "என் பொண்ணு நாளைக்கும் உங்க வீட்டுலதான இருக்கணும்? உங்க மானமும் அவ வீட்டுச் சாமான்தான் சம்பந்தி. உடைச்சா அவதான் பெருக்கணும்."

அவ்வளவுதான். டவுன் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். பிள்ளைகள் தேய்த்தது போகப் பாயில் கிடந்த அந்த அரக்குக் குச்சித் துண்டை நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புது வகுப்புக்கும் நாம் இருவரும்தான் கடைக்குப் போனோம். வெயில் உங்கள் துறை, பை தூக்குவது என் துறை. முதல் நாள் பாடமாக நிர்மலா ஒரு வழவழத் தாளையும் ஒரு சொரசொரத் தாளையும் கொடுத்துத் தேய்க்கச் சொல்வாள். "இது எங்க மாமா கண்டுபிடிச்ச பாடம்" என்பாள். பிள்ளைகள் சொரசொரத் தாளுக்கு "தாத்தா பேப்பர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து குச்சிகளை நிற வாரியாக அடுக்கிக்கொண்டிருப்பீர்கள். தலை நிமிர மாட்டீர்கள். நானோ அந்தப் புகழைக் கோயில் மரியாதைப் பரிவட்டம் மாதிரி கட்டிக்கொண்டு உலா வந்தேன். ஏனாத்தூர் வரைக்கும் என் பாடம் பரவிவிட்டதாக நானே பரப்பினேன்.

நேற்று முதல் தடவையாகத் தனியாகப் போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு நினைவு வந்து டம்ளரை ஒரு முறை கழுவி வைத்தார். நான் அரக்குக் குச்சியோடு தெருவில் இறங்கினேன். பையிலிருந்த உங்கள் குச்சியை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். பழக்க தோஷத்தில் வலப் பக்கம் திரும்பி, "இன்னா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. "இன்னா சார்?"

"இது அரக்குதானேப்பா?"

அவர் இறங்கி வந்து இரண்டையும் பார்த்தார். "பழசுதான் சார் அரக்கு. புதுசு ஒரு சுத்து வெளுப்பா இருக்குது." நம் ஊர் ஆட்டோக்காரர், வேறு எப்படிச் சொல்வார்? வேறு குச்சி எடுத்தேன். இருபத்துநாலு தடவை ஏறி இறங்கினேன். முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டன. இத்தனை நாளும் இதை எவ்வளவு சுலபமாகச் செய்தீர்கள்!

கடைசியில் கடைக்காரர் கேட்டார். "தாத்தா பேப்பர் முப்பதா சார்?"

அன்று தம் கையாலேயே அதை எடுத்து உங்களிடம் கொடுத்தவர் அவர். அவர் வாயிலும் என் பெயர். அங்கேதான் எனக்குக் குத்து விழுந்தது, சம்பந்தியம்மா. குத்து வாங்குகிற மூஞ்சி என்று காலையில் வீட்டுக்காரியிடம் சொன்னது முழுப் பொய் இல்லை.

இன்று வகுப்பில் நிர்மலா இரண்டு தாளையும் கையில் எடுத்து, "இது எங்க மாமா..." என்று ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றேன். வழவழத் தாளைக் காட்டி, இதை வாங்கியவன் நான் என்றேன். சொரசொரத் தாளைக் காட்டி, இதை வாங்கியவர் உங்கள் டீச்சரின் அம்மா என்றேன். பஸ் நின்றது, பிரஷ் நனைந்தது, வானம் பறந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சரியமாக இருந்தது, உங்கள் கதையை மட்டும் பெருக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தபடியே போதுமானதாக இருந்தது.

நிர்மலா தாள் கட்டின் மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்த "தாத்தா" என்பதை அடித்துவிட்டு, "அம்மா" என்று எழுதினாள். எழுதி முடித்து அந்த எழுத்தின் மேலேயே கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நான் மின்விசிறியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன்.

முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப்பெண் கையைத் தூக்கினாள். "அப்ப நீங்க இன்னா பண்ணீங்க தாத்தா?"

"நான் ரிப்பன் கட்டினேம்மா."

இப்போது பகல் சாப்பாடு ஆகிவிட்டது. வீட்டுக்காரி சட்டையை மூன்று தரம் துவைத்துவிட்டாள், கறை போகவில்லை. மாடிக் கொடியில் காய்கிறது. மேலே போய் வெயிலில் பார்த்தேன். அசல் அரக்கு.

உங்கள் குச்சிக்குப் புதுத் தாள் சுற்றி வேறு சட்டையின் பையில் வைத்தேன். எந்தத் தாள் என்று கேட்பீர்கள். அன்றைக்கு மிச்சமான என் வழவழத் தாள்தான். அதில் எதுவும் ஒட்டாது. நிறம் ஒரு துளிகூட வீணாகாமல் எல்லாம் குச்சியிலேயே இருக்கும்.